தீபாவளியன்று அடுப்படியிலேயே பொழுது போகிறதா?

கேள்வி: தீபாவளிக்குப் பிள்ளைகள் ஊருக்கு வருகிறார்கள். பலகாரம் சுட்டு முடிப்பதற்குள் கிளம்பிவிடுகிறார்கள். உட்கார்ந்து பேசவே முடியவில்லையே?
– ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: ஐந்து வகை வேண்டாம், அதிரசம் ஒன்று போதும். அதன் வேலை பெரும்பாலும் முன்கூட்டியே முடிந்துவிடும்.

மூன்று நாள் முன்னதாக 1 கிலோ பச்சரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் துணியில் உலர்த்துங்கள். கையில் பிடித்தால் ஈரம் தெரியும்போதே அரைத்துச் சலிக்க வேண்டும். முழுக்கக் காய்ந்தால் அதிரசம் கல்லாகிவிடும். முக்கால் கிலோ தருமபுரிப் பக்கத்துக் கடத்தூர் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிக் காய்ச்சுங்கள். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் உருட்ட வரவேண்டும், ஆனால் இளகலாக. பாகு முற்றினால் அதிரசம் கெட்டியாகிவிடும், இளம்பாகானால் எண்ணெயில் பிரிந்துபோகும். மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கிளறி, ஏலக்காய் போட்டு, மேலே நெய் தடவி மூடிவையுங்கள்.

பிள்ளைகள் வந்ததும் எல்லோரும் வட்டமாக உட்காருங்கள். ஒருவர் உருட்ட, ஒருவர் வாழையிலையில் தட்ட, ஒருவர் மிதமான தீயில் சுட, இன்னொருவர் இரண்டு கரண்டிக்கு நடுவே எண்ணெயைப் பிழியட்டும். கையெல்லாம் நெய், செல்போனை யார் தொடப்போகிறார்கள்? பேச்சு தானாக வரும். முறுக்கைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், குறையொன்றும் இல்லை.