சந்தா நின்ற பிறகும் பழைய மின்னிதழ்கள் திறக்குமா?

கேள்வி: எங்கள் அரசுப் பல்கலைக்கழக நூலகம் 2009 முதல் 2024 வரை சொந்த நிதியில் மின்னிதழ்களுக்குச் சந்தா கட்டியது. 2025 முதல் அவை மத்திய அரசே சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் வருவதால் நிறுத்திவிட்டோம். இப்போதும் எல்லாம் திறக்கிறது. பழைய சந்தா பைல்களைக் கழித்துவிடலாம் என்கிறது அலுவலகம். கழிக்கலாமா? திட்டம் நின்றுபோனால் நாங்கள் பணம் கட்டிய ஆண்டுகளாவது கிடைக்குமா?

பதில்: கழிக்காதீர்கள். உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடையே அந்த பைல்களில்தான் இருக்கிறது. அச்சு இதழை பைண்ட் செய்து அலமாரியில் அடுக்கினோம். சந்தா நின்றாலும் அது நம்மிடம் இருந்தது. மின்னிதழில் நாம் வாங்கியது பதிப்பகத்தின் சர்வருக்குள் நுழையும் அனுமதி மட்டுமே. சந்தாவுக்குப் பிறகும் அது நீடிக்குமா என்பதை உரிம ஒப்பந்தம்தான் சொல்லும்.

ஒப்பந்தத்தில் ‘பெர்பெச்சுவல் ஆக்சஸ்’ (நிரந்தர அணுகல்) அல்லது ‘போஸ்ட் கேன்சலேஷன் ஆக்சஸ்’ (சந்தா நின்ற பிறகான அணுகல்) என்ற தலைப்பைத் தேடுங்கள். நல்ல ஒப்பந்தம் என்றால், சந்தாக் காலத்தில் வெளியாகி, பணமும் கட்டப்பட்ட இதழ்களைத் தொடர்ந்து படிக்கலாம் என்று இருக்கும். எப்படித் தருவோம் என்பதும் இருக்கும்: பதிப்பகத்தின் தளத்திலேயே, அல்லது மூன்றாம் தரப்புக் காப்பகம் வழியாக, அல்லது கோப்புகளாக. கடைசி வழியை மட்டும் நம்பாதீர்கள். ஹார்ட் டிஸ்க்கில் எண்களைப் பெயராகக் கொண்ட ஆயிரக்கணக்கான கோப்புகள் வந்து சேரும். அவற்றைத் தேடிப் படிக்க ஒரு மென்பொருளை நீங்கள்தான் அமைக்க வேண்டும். பெரும்பாலும் அந்த டிஸ்க் பீரோவில்தான் கிடக்கும். ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் உண்டா என்பதையும் அதே பக்கத்தில் பாருங்கள். சில பதிப்பகங்கள் கேட்கும்.

பல பதிப்பகங்களின் இதழ்களைத் திரட்டித் தரும் டேட்டாபேஸ்கள் வேறு கணக்கு. அவை வாடகை வீடு மாதிரி, எத்தனை வருடம் கட்டினாலும் காலி செய்த பிறகு உரிமை இல்லை. அப்புறம், ஒரே பதிப்பகத்தின் தொகுப்பு என்றாலும் பிரித்துப் பாருங்கள். பெயர் சொல்லி வாங்கிய இதழ்களுக்குப் பெரும்பாலும் நிரந்தர உரிமை இருக்கும். ‘கூடவே தருகிறோம்’ என்று சேர்த்துவிட்ட இதழ்களுக்குப் பல நேரம் இருக்காது.

உங்கள் கேள்வியில் எனக்குக் கவலை தருவது ‘இப்போதும் எல்லாம் திறக்கிறது’ என்ற வரிதான். ‘ஒரே நாடு ஒரே சந்தா’ மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் அளித்த திட்டம். 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். இன்று நீங்கள் 2014-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றைத் திறந்தால், அது உங்கள் பழைய உரிமையால் திறக்கிறதா, திட்டத்தால் திறக்கிறதா என்று திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது. பழைய உரிமை பதிப்பகத்தின் பதிவேட்டிலிருந்து எப்போதோ விழுந்திருந்தாலும் திட்டம் அதை மறைத்துவிடும். திட்டம் நிற்கிற அன்றுதான் தெரியவரும். அதற்குள் அந்த விற்பனைப் பிரதிநிதி வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்.

அதனால் சோதனையைக் கிளிக் செய்து பார்ப்பதோடு விடாதீர்கள். பதிப்பகத் தளத்தில் நூலக நிர்வாகிக்கான கணக்கு இருக்கும். அதில் எந்த இதழில் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை உங்கள் பெயரில் உரிமை இருக்கிறது என்ற பட்டியல் கிடைக்கும். இல்லாவிட்டால் கேட்டு வாங்கலாம். அதை உங்கள் இன்வாய்ஸ்களோடு ஆண்டுவாரியாக ஒப்பிடுங்கள். ஓட்டை பெரும்பாலும் ஏஜென்ட் மாறிய வருடத்திலும், பணம் தாமதமாகப் போன வருடத்திலும்தான் இருக்கும். விடுபட்டதைச் சேர்க்கச் சொல்லி இன்வாய்ஸ் நகலோடு இப்போதே எழுதுங்கள். பதில் கடிதத்தில் இதழின் பெயர், ஐஎஸ்எஸ்என் (இதழின் அடையாள எண்), ஆண்டுகள் மூன்றும் இருக்க வேண்டும். ‘உங்கள் உரிமை தொடரும்’ என்ற ஒற்றை வரி போதாது.

பைல்களில் வைத்திருக்க வேண்டியவை: கையெழுத்தான ஒப்பந்தம், அதன் இணைப்பாக வந்த இதழ்ப் பட்டியல், பர்ச்சேஸ் ஆர்டர், இன்வாய்ஸ், பணம் போய்ச் சேர்ந்ததற்கான ரசீது. கொட்டேஷன்கள், ட்ரையல் கடிதங்கள், விளம்பரத் தாள்கள் போகலாம். அதையும் அலுவலக விதிப்படி செய்யுங்கள்.

உரிமை எழுத்தில் இருந்தால் அது உண்மையிலேயே கைகொடுக்கும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2019-ல் எல்சவியர் பதிப்பகத்துடன் சந்தாப் பேச்சு முறிந்தபோது புதிய கட்டுரைகளுக்கான அணுகலை இழந்தது. ஆனால் 2018 வரை வெளியானவற்றில் பெரும்பகுதி நிரந்தர உரிமையால் திறந்தபடியே இருந்தது.

பதிப்பகமே மூடிவிட்டால்? அதற்குத்தான் போர்ட்டிகோ, கிளாக்ஸ் போன்ற காப்பகங்கள். கிளாக்ஸ் தன் பிரதிகளை உலகின் 12 இடங்களில் வைத்திருக்கிறது. ஒரு இதழ் வேறெங்கும் கிடைக்காமல் போனால் அதை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிடும். போர்ட்டிகோவில் உறுப்பு நூலகங்களுக்குத்தான் திறக்கும். உங்கள் இதழ்கள் எந்தக் காப்பகத்தில் இருக்கின்றன என்பதைக் கீப்பர்ஸ் ரெஜிஸ்ட்ரி என்ற இணையப் பதிவேட்டில் ஐஎஸ்எஸ்என் கொடுத்து இலவசமாகப் பார்க்கலாம். எல்லா இதழும் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆய்வாளர் மார்ட்டின் ஈவ் 2024-ல் வெளியிட்ட ஆய்வில், டிஓஐ (படைப்புக்கான நிலையான இணைய அடையாளம்) எண் கொண்ட சுமார் 74 லட்சம் படைப்புகளைச் சோதித்ததில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டவை எந்தக் காப்பகத்திலும் இருப்பதாகத் தெரியவில்லை. சிறிய சங்கங்கள் நடத்தும் இதழ்களை முதலில் தேடிப் பாருங்கள்.

‘இப்போது திறக்கும்போதே எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொள்ளலாமே’ என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். மொத்தமாக இறக்குவதை ஏறக்குறைய எல்லா ஒப்பந்தங்களும் தடுக்கின்றன. பதிப்பகத்தின் கணினி அதைக் கண்டுபிடித்தால் வளாகம் முழுவதற்கும் அணுகல் துண்டிக்கப்படலாம்.

இதழ் ஒரு பதிப்பகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும்போதும் பழைய ஆண்டுகள் நழுவும். பழைய பதிப்பகம் உங்கள் உரிமை விவரத்தைப் புதியவருக்குக் கொடுத்ததா என்று இருவரிடமும் கேளுங்கள். பல்கலைக்கழகம் இணையச் சேவையை மாற்றி, பதிப்பகங்கள் உங்களை அடையாளம் காணும் ஐபி முகவரி மாறினால், சந்தா நிறுத்திய பதிப்பகங்களுக்கும் சேர்த்துத் தெரிவியுங்கள், அங்கேதான் மறந்துபோகிறது. நிர்வாகிக் கணக்கு ஓய்வுபெற்ற நூலகரின் சொந்த ஜிமெயிலில் இருந்தால், பொதுவான நூலக முகவரிக்கு இந்த வாரமே மாற்றுங்கள்.