வாசலில் கோலம் இருக்கிறதா?
வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற காவலரின் பதில்கள்

1985ல் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தேன். முதல் ஏழு வருடம் அப்போதைய தென்னாற்காடு மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். அதன்பிறகு சென்னை, பெரும்பாலும் வடசென்னை. 2020 தொடக்கத்தில் சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் ஆறுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மகளின் பிரசவத்துக்காக இரண்டு மாதம் பெங்களூரு போகிறேன். தனி வீடு. ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போகச் சொல்கிறார்கள். வீடு காலியாக இருப்பதை நாமே ஊருக்கு அறிவித்தது போல ஆகாதா?
– வாசகி, ஆதம்பாக்கம்

ஆகாது அம்மா. தைரியமாகச் சொல்லுங்கள். இரவு ரோந்து போகிறவருக்கு எல்லா வீடும் இருட்டில் ஒரே மாதிரிதான் தெரியும். எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்று தெரிந்தால், அந்த வாசலில் வண்டியை நிறுத்தி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்து, பக்கவாட்டுச் சந்தில் டார்ச் அடித்துவிட்டுப் போவார். போகும் தேதி, திரும்பும் தேதி, சாவி யாரிடம் இருக்கிறது, உங்கள் செல்போன் எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஸ்டேஷன் ரைட்டரிடம் கொடுங்கள். உங்கள் தெருவில் பட்டா புத்தகம், அதாவது ரோந்துக் குறிப்பேடு, வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். ரோந்து வரும் காவலர் அதில் நேரம் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் நாலு வீட்டுக்காரர்களாகப் போய் வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

திருடனுக்குத் தகவல் ஸ்டேஷனிலிருந்து போவதில்லை. உங்கள் வாசல்தான் சொல்லிக் கொடுக்கிறது. ஒருமுறை பெரம்பூரில் ஒரு வீடு. பிடிபட்டவனிடம் விசாரிக்கும்போது, ஏன் அந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டேன். தெருவில் எல்லா வாசலிலும் கோலம் இருந்தது, அந்த ஒரு வாசலில் மூன்று நாளாக இல்லை என்றான். கிரில்லில் செருகிய பேப்பரும், கேட் இடுக்கில் சொருகிய டியூஷன் சென்டர் நோட்டீசும் அவனுக்கு மீதியைச் சொல்லிவிட்டன. இத்தனை வருடம் கழித்தும் காலையில் நடைப்பயிற்சி போகும்போது என் கண் தானாகவே கோலத்தைத்தான் பார்க்கும்.

அதனால் பேப்பரையும் பாலையும் நிறுத்துங்கள். வேலைக்கு வரும் அம்மாவுக்கு இரண்டு மாதச் சம்பளத்தை முழுசாகக் கொடுத்து, தினமும் வாசல் தெளித்துக் கோலம் போடச் சொல்லுங்கள். எதிர்வீட்டுக்காரர்களின் வண்டியை உங்கள் போர்ட்டிகோவில் விடச் சொல்லுங்கள். வாசல் விளக்கைப் பகலும் இரவும் எரிய விட்டுப் போகாதீர்கள், ஆள் இல்லை என்பதற்கு அதைவிடப் பெரிய அறிவிப்பு இல்லை. பேரக்குழந்தையின் படத்தை ஊருக்குத் திரும்பி வந்த பிறகு ஸ்டேட்டஸில் போட்டுக்கொள்ளலாம்.

நகையை வங்கி லாக்கரில் வையுங்கள். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, ரசீதோடு சேர்த்து மகளிடம் ஒரு பிரதி கொடுங்கள். பிறகு, பீரோ சாவி. பீரோ மேலேயே, அல்லது புடவை மடிப்புக்குள்ளே, அல்லது சாமி படத்துக்குப் பின்னால். இந்த மூன்று இடத்தைத் தாண்டி யாரும் ஒளித்துவைத்து நான் பார்த்ததில்லை. சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள் அம்மா.

எங்கள் நலச் சங்கத்தில் வீட்டுக்கு இரண்டாயிரம் வசூலித்து எட்டு கேமரா வாங்கப் போகிறோம். எங்கே வைப்பது?
– சங்கச் செயலாளர், கொளத்தூர்

தெருவுக்குள் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் முதலில் வையுங்கள் சார். குற்றம் செய்தவன் எந்தப் பக்கம் வந்தான், எந்தப் பக்கம் போனான் என்பதுதான் எங்களுக்கு முதலில் தேவை. மிக உயரத்தில் மாட்டினால் தலைமுடிதான் தெரியும். முகமும் நம்பர் பிளேட்டும் விழும்படி இறக்கி மாட்டச் சொல்லுங்கள். இரவில் ஒரு பைக்கை ஹெட்லைட் போட்டு ஓட்டி வரச் சொல்லி, நம்பர் தெரிகிறதா என்று சோதித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். யாருடைய மொட்டை மாடியும் குளியலறை ஜன்னலும் அதில் விழக் கூடாது.

2017க்குப் பிறகு ஆணையர் ஏ.கே.விசுவநாதன் காலத்தில் 'மூன்றாவது கண்' என்று சொல்லி சென்னை முழுக்க கேமரா வைக்கச் சொன்னோம். நானே தெருத் தெருவாகப் போய்ப் பேசியிருக்கிறேன். அதனால் நிறைய வழக்கு துலங்கியது, சந்தேகமே இல்லை. ஆனால் மாட்டிவிட்டு மறந்துபோன கேமராக்களையும் பார்த்தேன். ஒரு செயின் பறிப்பில் கேமராவின் கடிகாரம் நாற்பது நிமிடம் பின்தங்கி ஓடியிருந்தது. அது தெரியாமல் தவறான நேரத்துக் காட்சிகளை இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தோம். அதற்குள் பைக் எங்கேயோ போய்விட்டது. மாதம் ஒருநாள், முதல் ஞாயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள், யாராவது ஒருவர் நேரத்தைச் சரிபார்த்து, கண்ணாடியில் ஒட்டடை துடைத்து, பதிவு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டு எழுதி வையுங்கள். அந்த நாள் கடந்தால் பழைய காட்சி மேலே புதியது பதிந்துவிடும். காட்சியைப் போலீஸுக்குக் கொடுக்கும்போது புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷ்ய அதினியம்) 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழில் உங்கள் கையெழுத்து கேட்பார்கள். பயந்து பின்வாங்காதீர்கள். அது இல்லாமல் கோர்ட்டில் அந்தக் காட்சி நிற்காது.

இங்கே கட்டட வேலைக்கு வந்த வெளிமாநிலப் பையன்கள் அதிகம். நாங்கள் இளைஞர்கள் பத்துப் பேர் இரவில் சுற்றி வந்து, சந்தேகமானவர்களின் ஆதார் கார்டை வாங்கிப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். போலீஸ் ஒத்துழைக்குமா?
– வாசகர், மதுரவாயல்

தம்பி, சுற்றி வாருங்கள். ஆதார் கேட்காதீர்கள். அந்த அதிகாரம் உங்களுக்கு இல்லை.

2018 மே மாதம் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு காரில் போன 65 வயது அம்மா, போளூர் அருகே வழி கேட்க நின்ற இடத்தில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். ஊர் கூடி அடித்தே கொன்றுவிட்டது. அடித்தவர்கள் ரவுடிகள் இல்லை. நம் ஊரைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்தவர்கள். அந்தச் செய்தி வந்த அன்று நான் இரவுப் பணியில் இருந்தேன். என் அம்மாவுக்கும் கிட்டத்தட்ட அதே பழக்கம், பையில் எப்போதும் மிட்டாய் இருக்கும். அன்று இரவு முழுக்க எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றத்தை ஒருவர் உங்கள் கண் முன்னால் செய்தால் அவரைப் பிடிக்கலாம். பிடித்தால் தாமதமில்லாமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸில் ஒப்படைத்துவிட வேண்டும். இது பி.என்.எஸ்.எஸ். என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 40ஆம் பிரிவு. இந்தி பேசுவதும், இரவு பதினொரு மணிக்கு ஷிப்ட் முடிந்து நடந்து வருவதும் அதில் வராது. கட்டி வைப்பது, போட்டோ எடுத்து குரூப்பில் போடுவது எல்லாம் உங்கள் மேல் வழக்காக வந்து நிற்கும்.

காவல் துறையோடு சேர்ந்து வேலை செய்கிற ஆசை நல்ல ஆசைதான். 'காவல்துறை நண்பர்கள்' இயக்கம் 1993ல் ராமநாதபுரத்தில் பிரதீப் பிலிப் தொடங்கியது. மக்களும் போலீசும் பேசிக்கொள்ள வழி செய்வதற்காக வந்த இயக்கம் அது. சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் கொடூரமாகத் தாக்கப்பட்டு இறந்த பிறகு, அதில் இந்த இயக்கத்தினர் மீதும் புகார் எழுந்ததால், ஜூலையில் அரசு இயக்கத்தைத் தடை செய்தது. சீருடை இல்லாதவர் கையில் லத்தி போகக் கூடாது என்பது அப்போதும் இப்போதும் என் கருத்து. முறையாகச் செய்ய விரும்பினால் ஊர்க்காவல் படையில் சேருங்கள். பயிற்சி இருக்கிறது, பொறுப்பும் இருக்கிறது.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்றைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த தெருவில் ஒரு இஸ்திரி வண்டிக்காரர் இருந்தார். காலை ஏழு மணியிலிருந்து ராத்திரி எட்டு வரை வேப்பமரத்தடியிலேயே நிற்பவர். நான் பீட், அதாவது ரோந்து, போகும்போது அங்கே நின்று டீ குடிப்பேன், மகள் பிளஸ் டூ படிப்பைப் பற்றிப் பேசுவார். ஒருநாள் அவரே கூப்பிட்டார். "சார், ஒரு பல்சர் காலையிலிருந்து நாலாவது ரவுண்டு போகுது. பின்னாடி நம்பர் பிளேட்டை மேலே மடிச்சு வெச்சிருக்கான்." வயர்லெஸ்ஸில் சொன்னேன், அடுத்த சிக்னலில் நிறுத்திவிட்டார்கள். திருட்டு வண்டி. அன்று அந்தத் தெருவில் எந்தக் கழுத்திலிருந்தும் செயின் போகவில்லை.

அவர் ஓட்டியவனின் நிறத்தையோ பேச்சையோ சொல்லவில்லை பாருங்கள். அவன் என்ன செய்தான் என்பதை மட்டும் சொன்னார். மடித்த நம்பர் பிளேட், மதியத்தில் காலிங் பெல்லை அடித்துவிட்டு நிற்காமல் போவது, பூட்டிய வீட்டின் காம்பவுண்டில் கை வைத்துப் பார்ப்பது, இப்படிப்பட்ட செய்கையைக் கண்டால் நேரத்தோடு குறித்துக்கொண்டு பீட் காவலரிடம் சொல்லுங்கள்.

அந்தக் கட்டடப் பையன்களிடமும் போய்ப் பேசுங்கள். தகரக் கொட்டகையில் தூங்குகிற அவர்களிடமிருந்து செல்போன் திருடு போவது எத்தனை தடவை என்று கேளுங்கள். புகார் கொடுக்க மொழி தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். மேஸ்திரியின் பெயரும் போன் நம்பரும் உங்களிடம் இருந்தால் போதும், ஏதாவது என்றால் அவர்களே உங்களைக் கூப்பிடுவார்கள். சின்ன ஊரில் எனக்கு வேலை சுலபமாக இருந்தது. பெட்டிக்கடைக்காரர், பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற அம்மா, லாட்ஜ் ரூம் பாய் எல்லோருக்கும் என் பெயர் தெரியும், எனக்கும் அவர்கள் பெயர் தெரியும். மதுரவாயலில் ஒரு தெருவுக்கு அப்படிச் செய்ய முடியாதா? பத்துப் பேர் இருக்கிறீர்களே.

போன் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பினார்கள். அது போதுமா?
– கல்லூரி மாணவி, அயனாவரம்

போதாது தங்கச்சி. சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு வந்தது என்பதற்கான ரசீது. பறிப்பு என்பது இப்போது பி.என்.எஸ். என்கிற புதிய தண்டனைச் சட்டத்தின் 304ஆம் பிரிவில் தனிக் குற்றம், அதற்கு எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும். லலிதா குமாரி வழக்கில் 2013லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. எஃப்.ஐ.ஆர். நகல் உங்களுக்கு இலவசம். மறுபடி போய்க் கேளுங்கள். மறுத்தால் துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்கலாம். "போன்தானே" என்று விடுகிற பழக்கம் என் துறையில் இருந்தது எனக்கு எப்போதும் வருத்தம். போனை விட்டால் அடுத்து செயினுக்குக் கை வைப்பான்.

போன் வாங்கிய பெட்டியில் ஐ.எம்.இ.ஐ. எண், அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண், இருக்கும். புகார் நகலோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் போனை முடக்கிவிடுங்கள். வங்கிக்கும் உடனே சொல்லுங்கள்.

அவசரத்துக்கு 100ஆ, 112ஆ?
– வாசகர், சூளைமேடு

எது நினைவுக்கு வருகிறதோ அது. எடுத்தவுடன் இடத்தைச் சொல்லுங்கள்: தெரு, பக்கத்தில் தெரியும் கோயில், கடை, ரேஷன் கடை ஏதாவது. நடந்ததை அப்புறம் சொல்லலாம். ஆன்லைனில் பணம் போயிருந்தால் 1930, ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போடாமல்.

கோயிலுக்குப் போன என் அம்மாவை இரண்டு பேர் நிறுத்தி, "நாங்க போலீஸ், முன்னால ஒரு கொலை நடந்திருக்கு, நகையைக் கழட்டிப் பையில வெச்சுக்கோங்க" என்று காகிதத்தில் மடித்துக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தால் கூழாங்கல். நான்கு சவரன். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு புகார் வேண்டாம் என்கிறார். மூன்று நாள் ஆகிவிட்டது.
– வாசகி, திருவல்லிக்கேணி

எந்தப் போலீஸ்காரரும் தெருவில் நின்று நகையைக் கழற்றச் சொல்ல மாட்டார். இதை அம்மாவிடம் இப்போது சொல்லிக் காட்டாதீர்கள். அவர் போலீஸை நம்பியதால்தான் ஏமாந்தார், அதில் வெட்கப்பட அவருக்கு எதுவுமில்லை. வெட்கம் எங்கள் சீருடையைப் பொய்யாகச் சொன்னவனுக்கு. எழுபது வயதில் இப்படி ஏமாந்து, வீட்டில் சொல்லாமல் பதினைந்து நாள் சாப்பாடு இறங்காமல் இருந்த ஒரு பாட்டியை எனக்குத் தெரியும். மகன் திட்டுவான் என்று பயந்தார். அதற்குள் அதே ஆட்கள் பக்கத்துத் தெருவில் இன்னும் இரண்டு பேரை ஏமாற்றிவிட்டார்கள்.

நாளைக் காலையிலேயே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். கோயில் வாசலிலும் கடைகளிலும் கேமரா பதிவு அழிவதற்குள் போக வேண்டும். என்ன பேசினார்கள், எந்தக் கையால் மடித்தார்கள், சட்டை நிறம் என்ன என்று அம்மா சொல்லச் சொல்ல இன்றிரவே எழுதி வையுங்கள், திருத்தாமல் அவர் சொன்னபடியே. அந்தக் காகிதமும் கல்லும் இன்னும் வீட்டில் இருந்தால் இனி யாரும் தொட வேண்டாம், ஓரத்தைப் பிடித்துத் தூக்கி ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். காகிதத்திலிருந்தும் விரல் ரேகை எடுக்க முடியும்.