கையில் வரும் காசு: மலையிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

கோத்தகிரி வாசகி: மகளிர் உரிமைத் தொகை மூணு மாசமா வரலைங்க. ஆதார், பேங்க் எல்லாம் இணைச்சாச்சு. வேற என்ன செய்யணும்?

'இணைச்சாச்சு' என்ற சொல்லில்தான் சிக்கலே இருக்கிறது, அக்கா. வங்கிக் கணக்கில் ஆதார் எண் பதிவாகியிருப்பது ஒன்று. அரசுப் பணம் இந்தக் கணக்குக்குத்தான் வர வேண்டும் என்று என்பிசிஐ (வங்கிகளுக்கிடையே பணம் போக வழி செய்யும் தேசிய நிறுவனம்) பட்டியலில் ஏறியிருப்பது வேறு ஒன்று. டிபிடி (அரசுப் பணம் நேரடியாகக் கணக்குக்கு வருவது) இணைப்பு என்று சொல்வது இரண்டாவதைத்தான். அந்தப் பட்டியலில் ஓர் ஆதாருக்கு ஒரு வங்கிதான் நிற்கும், அதுவும் கடைசியாக நீங்கள் சம்மதம் கொடுத்த வங்கி. குழு லோனுக்காகப் புதுக் கணக்கு தொடங்கியபோது நீட்டிய படிவங்களில் கையெழுத்துப் போட்டீர்களா? ஆதார் வழியாக வரும் பணம் அந்தக் கணக்கில் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டிருக்கலாம்.

மை ஆதார் தளத்தில் ஆதாரோடு பதிந்த போன் நம்பருக்கு ஓடிபி வாங்கி உள்ளே போனால், 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பகுதியில் எந்த வங்கி என்று காட்டும். பழைய வங்கியே வேண்டுமென்றால் அந்தக் கிளைக்குப் போய் டிபிடி சம்மதப் படிவம் கொடுங்கள். 'ஆதார் லிங்க் பண்ணுங்க' என்று கேட்டால் 'ஏற்கெனவே இருக்கு' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். 'என்பிசிஐ மேப்பிங்' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

இதில் கோளாறு இல்லையென்றால் கணக்கு உறங்கியிருக்கலாம். இரண்டு வருடம் நீங்களாக எதுவும் போடவும் எடுக்கவும் இல்லையென்றால் வங்கி அதைச் செயல்படாத கணக்காக்கிவிடும். ஆதார், போட்டோ கொடுத்து கேஒய்சி என்ற அடையாள விவரத்தைப் புதுப்பித்தால் திறந்துவிடும்.

குன்னூர்: கைரேகை விழவே மாட்டேங்குது. வங்கி முகவர் அடுத்த வாரம் வாங்கன்னு அனுப்பிடறார்.

கொழுந்து பறிக்கிற கையா? தேயிலைக் கறையும் காம்பு கீறிய தழும்புகளும் சேர்ந்து ரேகையை மழுக்கிவிடும், பனிக் காலத்தில் தோல் வறண்டு இன்னும் மோசமாகும். வெதுவெதுப்பான நீரில் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்து, துளி தேங்காய் எண்ணெய் தடவி மறுபடி துடைத்துவிட்டு வையுங்கள். கட்டைவிரலிலேயே நிற்காமல் பத்து விரலையும் வைத்துப் பாருங்கள், மோதிர விரலில் தேய்மானம் குறைவு. அப்படியும் விழாவிட்டால் ஆதார் மையத்தில் கைரேகையைப் புதுப்பிக்க வேண்டும். ஏடிஎம் கார்டு வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

விரல் வைக்கும் யாருக்கும் ஒன்று: ரசீது வராமல் இரண்டாம் முறை விரல் வைக்காதீர்கள். 'ஃபெயில் ஆயிடுச்சு, இன்னொரு தடவை' என்றால் தோல்வி ரசீது கேளுங்கள். பணம் கழிந்து கைக்கு வராமல் போயிருந்தால் 5 நாளில் கணக்குக்குத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி 2019-ல் போட்ட விதி.

ஊட்டி: மூணு மாசமா பணம் வரலை.

மேலே கோத்தகிரி அக்காவுக்குச் சொன்ன முதல் பதிலைப் பாருங்கள்.

கூடலூர்: எங்க நிலம் செக்‌ஷன் 17. பிஎம் கிசான் 6000 கிடைக்குமா?

அந்தத் திட்டத்துக்கு உங்கள் பெயரில் நில ஆவணம் வேண்டும். 1969-ம் ஆண்டின் கூடலூர் ஜென்மம் (ஜமீன் போன்ற பழைய நிலவுடைமை) ஒழிப்புச் சட்டத்தில் 17-ம் பிரிவுக்குள் வரும் நிலத்துக்குப் பட்டா இல்லாததால் கிடைக்காது. 2006 வன உரிமைச் சட்டப் பட்டா இருந்தால் கதை வேறு, விண்ணப்பிக்கலாம். நில வழக்கு என் துறை இல்லை, வக்கீலைப் பாருங்கள்.

பந்தலூர்: மாமியாருக்கு முதியோர் உதவி 1200 வருது. அதனால எனக்கு உரிமைத் தொகை கிடையாதுன்னு சொல்றாங்களே?

தவறு. 2023 ஆகஸ்டிலேயே அந்த விதியைத் தளர்த்திவிட்டார்கள். மாமியாருக்குத்தான் இரண்டும் சேர்ந்து கிடைக்காது. மற்ற தகுதிகள் இருந்தால் நீங்கள் விண்ணப்பிக்கலாம்.

கோத்தகிரி, சிறு விவசாயி: ஒரு விஷயம் கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. ஆயிரம் ரூபாய் வர ஆரம்பிச்சதிலிருந்து கொழுந்து பறிக்க ஆளே வர்றதில்லை. சும்மா காசு குடுத்தா யார் வேலைக்கு வருவாங்க?

கோபமில்லை அண்ணா, கணக்குப் போடுவோம். மாதம் ஆயிரம் என்றால் நாளுக்கு 33 ரூபாய். தோட்டக் கூலியில் இரண்டரை நாளுக்குக்கூடத் தேறாது. அதை நம்பி மீதி நாளெல்லாம் யாரும் வீட்டில் உட்கார முடியாது. ஆறு நாடுகளில் ஏழு பண உதவித் திட்டங்களை ஒன்றாக வைத்துப் பார்த்த ஆய்வு 2017-ல் வந்தது. பணம் வாங்கியவர்கள் வேலையைக் குறைத்ததற்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கிப் போவதுதான் உங்கள் ஆள் தட்டுப்பாட்டுக்குப் பெரிய காரணம்.

ஒன்று மட்டும் உண்மையாக இருக்கலாம். முன்பு ஜனவரியில், உறைபனியில் கொழுந்து கருகி வேலை ஓய்ந்திருக்கும்போது, அரிசி மளிகைக்கு உங்களிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். வாங்கியவர் ஏப்ரலில் உங்கள் தேயிலைக் காட்டுக்குத்தான் வந்தாக வேண்டும். மாதம் ஆயிரம் வந்தால் சிலருக்கு அந்த முன்பணம் தேவைப்படாது. அவர்கள் வேலைக்குப் போகிறார்கள், ஆனால் கூலி கூடத் தருகிற காட்டுக்குப் போகிறார்கள்.

அதே விவசாயி: அப்போ நட்டம் எனக்குத்தானே? பச்சைத் தேயிலைக்கு ஃபேக்டரி குடுக்கிற விலையில கூலிய எப்படி ஏத்தறது?

நியாயமான கேள்வி. ஆனால் அது தேயிலை விலை பற்றிய கேள்வி. அதற்கான தீர்வை உங்கள் காட்டில் பறிக்கும் பெண்ணின் கணக்கில் தேடக் கூடாது.

குன்னூர், இன்னொருவர்: நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க எஸ்டேட் லைன் வீட்டுல பாதி ஆம்பளைங்க அந்தக் காச டாஸ்மாக்லதான் குடுக்கறாங்க. வெளிநாட்டு ஆய்வெல்லாம் இங்க செல்லாது.

19 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், பண உதவியால் குடி, புகையிலைச் செலவு கூடவில்லை என்றே கண்டார்கள். அது சராசரி. உங்கள் லைன் வீடு சராசரியாக இல்லாமல் இருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் அங்கே நடப்பதை உற்றுப் பாருங்கள். பல வீடுகளில் அந்த ஆயிரத்தைக் கணவர் பிடுங்குவதில்லை. மளிகைக்கு முன்பு தந்த ஆயிரத்தை 'உனக்குத்தான் வருதே' என்று நிறுத்திவிடுகிறார். பணம் அவள் கணக்கில் பத்திரமாக இருக்கும், வீட்டுச் செலவுக்கு மட்டும் ஆயிரம் குறையும். இதற்கு வங்கியால் ஒன்றும் செய்ய முடியாது. வருகிற பணத்தை முதல் மாதத்திலேயே சீட்டு, பள்ளிச் செலவு, கடன் தவணை என்று பெயர் வைத்து ஒதுக்கிய பெண்களிடம் அந்தப் பேச்சு எடுபடுவது குறைவு.

ஏடிஎம் கார்டு, பின் நம்பர் இரண்டும் யார் கையில் என்பதையும் பாருங்கள்.

ஊட்டி: ரேஷன் அரிசிக்குப் பதிலா பணமாவே குடுத்துட்டா என்ன? அரிசிய பாதிப் பேர் விக்கத்தானே செய்யறாங்க.

வேண்டாம். ஜார்கண்டில் ராஞ்சிக்குப் பக்கம் நக்ரி வட்டாரத்தில் 2017-ல் செய்து பார்த்தார்கள். கிலோ ஒரு ரூபாய்க்கு அரிசி வாங்கியவர்கள், கணக்கில் பணம் விழுந்ததா என்று பார்க்க வங்கிக்கு நடந்து, எடுக்கச் சேவை மையத்துக்கு நடந்து, பிறகு ரேஷன் கடையில் கிலோ 32 ரூபாய் கொடுத்து வாங்கினார்கள். மக்கள் எதிர்த்ததால் 2018-ல் கைவிட்டார்கள். மலையில் இது இன்னும் கஷ்டம். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து மலைப் பகுதிக்கும் வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் வங்கிக்குப் போய் வர ஒரு நாள் கூலி போகும். கடை ஒன்றிரண்டே உள்ள ஊரில் எல்லார் கையிலும் பணம் வந்தால் விலை ஏறவும் கூடும். மெக்சிகோவின் ஒதுங்கிய கிராமங்களில் உணவுப் பொருளாகக் கொடுத்தபோது கடை விலை இறங்கியதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அரிசி அரிசியாகவே வரட்டும், அதற்கு மேல் பணம் வரட்டும்.

கோத்தகிரி, சுய உதவிக் குழு: 10,000 கடன் இருக்கு, அஞ்சு வட்டி. இந்த ஆயிரத்த வட்டிக்கே கட்டிட்டிருக்கேன். சரிதானா?

இன்று வந்ததில் இதுதான் உருப்படியான கேள்வி. ஐந்து வட்டி என்றால் மாதம் 500, வருடத்துக்கு 60 சதவீதம். வட்டி மட்டும் கட்டினால் பத்து வருடம் கழித்தும் 10,000 அப்படியே நிற்கும். ஆயிரத்தையும் கொடுத்து, முதல் மாதம் 500 வட்டிக்கு, 500 முதலுக்கு, பிறகு வட்டி குறையக் குறைய முதலுக்குக் கூடுதலாக என்று கழித்தால் 15 மாதத்தில் முடிந்துவிடும். ஆனால் வட்டிக்காரர் 'முதலைப் பிரிச்சு வாங்க மாட்டேன்' என்பார். அவர் பிழைப்பே அதில்தான் இருக்கிறது.

அதனால் குழுவில் ஒரு வட்டிக்கு 10,000 எடுத்து அவர் கடனை ஒரே மூச்சில் அடைத்துவிடுங்கள், எழுதிக் கொடுத்த பத்திரத்தையும் வெற்றுச் செக்கையும் கையோடு திருப்பி வாங்குங்கள். குழுவுக்கு மாதம் ஆயிரம் கட்டினால் 11 மாதத்தில் தீரும். காதில் தோடு இருந்தால் கூட்டுறவு வங்கி நகைக் கடனும் பரவாயில்லை. வாரத் தவணை மைக்ரோ ஃபைனான்ஸில் எடுத்து அடைக்காதீர்கள். பணம் வருவது மாதத்துக்கு ஒருமுறை, 15-ம் தேதி. தவணை நாலு முறை வந்து கதவைத் தட்டும்.

குன்னூர்: மொத்தமா ஒரே தடவை குடுத்தா நல்லதில்லையா?

கென்யாவில் இரண்டு விதமாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். மாதாமாதம் வாங்கிய வீடுகளில் சாப்பாடு மேம்பட்டது, மொத்தமாக வாங்கிய வீடுகள் நிலைத்து நிற்கும் பொருள்களில் போட்டன. கூரை ஒழுகுகிற வீட்டுக்கு மொத்தம் நல்லது, ஜனவரியில் அடுப்பு அணைகிற வீட்டுக்கு மாதாமாதம் நல்லது.

பந்தலூர்: பணம் வரலை சார்.

பாஸ்புக்கில் என்ட்ரி போட்டீர்களா?

அவரே: இப்போ போட்டேன். வந்திருக்கு. ஆனா நான் எடுக்காமலே எடுத்த மாதிரி காட்டுது, ரெண்டு தடவை.

இன்றைக்கே போங்கள். சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள். கிளையில் எழுத்துப் புகார் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். வங்கியிலிருந்து தகவல் வந்து 3 வேலை நாளுக்குள் சொன்னால், உங்கள் தவறில்லாத நட்டத்தை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை என்கிறது ரிசர்வ் வங்கி விதி. இன்றிரவே எம்ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டிவிடுங்கள், எடுக்கிற அன்று மட்டும் திறந்தால் போதும். கடைசியாக எங்கே ரசீது இல்லாமல் இரண்டு முறை விரல் வைத்தீர்கள் என்பதையும் புகாரில் எழுதுங்கள்.