வாட்ஸ்அப் குழு டெலிகிராமுக்கு மாறுகிறது: போன் நம்பரும் பழைய உரையாடலும்

உங்கள் வாசிப்புக் குழு டெலிகிராமுக்குப் போகிறது, முன்பின் தெரியாதவர்களுக்கு நம்பர் போய்விடுமோ, பழைய உரையாடல் அழிந்துவிடுமோ என்று கேட்டிருந்தீர்கள்.

நம்பரைப் பற்றிக் கவலை வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில்தான் இத்தனை நாளும் எல்லோரும் அதைப் பார்க்க முடிந்தது. டெலிகிராமில் சேர்ந்ததும், குழுவுக்குள் போகும் முன்பே, செட்டிங்ஸில் பிரைவசி பகுதியைத் திறந்து போன் நம்பரை ‘நோபடி’ என்று வையுங்கள். அப்போது கீழே இன்னொரு கேள்வி வரும்: நம்பரை வைத்து உங்களை யார் கண்டுபிடிக்கலாம் என்று. பலர் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அதை ‘மை கான்டாக்ட்ஸ்’ ஆக்குங்கள். உங்களை யார் குழுக்களில் சேர்க்கலாம் என்பதையும் அப்படியே மாற்றிவிட்டால், கண்ட குழுக்களிலும் இழுத்துப் போடும் தொல்லை இருக்காது.

பழைய உரையாடலையும் கொண்டுபோகலாம். வாட்ஸ்அப்பில் ‘எக்ஸ்போர்ட் சாட்’ கொடுத்து டெலிகிராமைத் தேர்ந்தெடுத்தால் போதும்; 2021 ஜனவரியிலேயே இந்த வசதி வந்துவிட்டது. புதுக் குழுவின் அட்மின் செய்தால் சிக்கல் இல்லை. ஆனால் ரொம்பப் பழைய செய்திகள் விடுபடலாம், அதனால் வாட்ஸ்அப் குழுவை உடனே கலைக்க விடாதீர்கள். அப்புறம், உறுப்பினர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். அது எல்லோரும் பேசியது, டெலிகிராம் குழுக்களில் முழுமறையாக்கமும் (பேசுபவர்களைத் தவிர வேறு யாரும், ஆப் நிறுவனம்கூட, படிக்க முடியாதபடி செய்திகளைப் பூட்டிவைப்பது) கிடையாது. வீட்டு விஷயம், உடல்நிலை என்று யாராவது மனம்விட்டு எழுதியிருந்தால் அதைக் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது.

நோட்டிஃபிகேஷனை மட்டும் முதல் நாளே மியூட் செய்துவிடுங்கள்.