ஜீப் ஏறுவதற்கு முன்பே தொடங்க வேண்டிய வைத்தியம்

கேள்வி: எனக்கு வயது 23. ஊர் தேனி மாவட்டம் கூடலூர். கேரளத்தில் வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை. காலை ஐந்தரை மணிக்கு ஜீப் ஏறினால் குமுளி வழியாகத் தோட்டத்துக்குப் போய்விட்டு வீடு திரும்ப மாலை ஆறு மணி ஆகிவிடுகிறது. மாதவிடாயின் முதல் நாள் அடிவயிறும் இடுப்பும் பிடுங்கி எடுக்கின்றன. வலி தொடை வரை இறங்குகிறது. மலைப்பாதை வளைவுகளில் வாந்தியும் வந்துவிடும். உடன் வரும் அக்கா ஒருவர் தரும் வெள்ளை மாத்திரையை மத்தியானம் போட்டுக்கொள்கிறேன். சில மாதம் கேட்கிறது, சில மாதம் கேட்பதில்லை. தோட்டத்தில் கழிப்பறை கிடையாது. வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போய்விடும். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்கிறார் அம்மா. வீட்டில் இல்லாத அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தை எப்படிச் சமாளிப்பது?

பதில்: ‘மத்தியானம் போட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கேள்விக்குப் பாதி விடை அங்கேயே இருக்கிறது.

மாதவிடாயின்போது கருப்பையின் உள்சவ்வு உதிரும்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. அது கருப்பைத் தசையை இறுக்கிப் பிழிகிறது. தசை இறுகும் நேரத்தில் அதற்குப் போகும் ரத்தம் குறைகிறது. அதனால்தான் அந்தப் பிடுங்கல். இதே பொருள் குடலையும் கலக்கிவிடுவதால் சிலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைசுற்றல் எல்லாம் சேர்ந்து வருகின்றன. ஆகவே உங்கள் வாந்திக்கு மலைப்பாதையை மட்டும் குறை சொல்ல முடியாது. ஐபுபுரூஃபென், மெஃபெனமிக் அமிலம் போன்ற மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியாவதைத் தடுக்கின்றன. ஏற்கெனவே சுரந்துவிட்டதை அவற்றால் அழிக்க முடியாது. விடியற்காலை தொடங்கிய சுரப்பை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஒரு மாத்திரையால் பிடித்து நிறுத்த நினைத்தால் சில மாதம் கேட்கும், சில மாதம் கேட்காது.

எனவே மாத்திரை வீட்டிலேயே தொடங்க வேண்டும். உங்களுக்கு மாதாமாதம் தேதி தவறாமல் வருகிறது என்றால், வரப்போகிற நாளுக்கு முந்தைய இரவே சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று போடலாம். தேதி முன்பின் ஆகிறவர்கள் உதிரத்தின் முதல் அடையாளம் தெரிந்தவுடன், அல்லது இடுப்பில் அந்தப் பழகிய கனம் தொடங்கியவுடன் போட வேண்டும். வலி உச்சத்துக்கு ஏறும்வரை பொறுத்துப் பார்க்கக் கூடாது. பிறகு முதல் இரண்டு நாட்களுக்கு நேரம் தவறாமல் தொடர வேண்டும். ஐபுபுரூஃபென் என்றால் 400 மில்லிகிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒன்று, நாளைக்கு மூன்றுக்கு மேல் கூடாது. மெஃபெனமிக் அமிலம் என்றால் 500 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை. இரண்டில் ஏதாவது ஒன்றுதான்; இரண்டையும் சேர்த்துப் போடவே கூடாது. ஐந்து மணிக்கு எழுந்து வெறும் தேநீரோடு ஜீப்புக்கு ஓடுவது உங்கள் பகுதிப் பெண்களின் வழக்கம் என்று எனக்குத் தெரியும். அந்த இரண்டு நாட்கள் மட்டுமாவது தூக்குவாளியைத் திறந்து இரண்டு இட்லியோ ஒரு கை பழைய சோறோ சாப்பிட்டுவிட்டு மாத்திரையைப் போடுங்கள். வெறும் வயிற்றில் இந்த மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கும்.

இவை எல்லோருக்கும் ஒத்துக்கொள்பவை அல்ல. வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. மெஃபெனமிக் அமிலத்தால் மிகச் சிலருக்குக் காய்ச்சலும் உடம்பெங்கும் தடிப்பும் வந்து உள்ளுறுப்புகள் வரை பாதிக்கக்கூடிய ஒவ்வாமை ஏற்படலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பர் கடைசியில் எச்சரித்தது. மாத்திரை போட்ட வாரங்களில் அப்படித் தடிப்பு கண்டால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். மலையில் மழைக்காலம் டெங்குக் காலமும்கூட. காய்ச்சலும் மாதவிடாயும் ஒன்றாக வந்தால் இந்த இரண்டு மாத்திரைகளும் வேண்டாம், ரத்தப்போக்கை அதிகமாக்கிவிடும். பாராசிட்டமால் மட்டும் போட்டுக்கொண்டு காய்ச்சலுக்குப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

அந்த வெள்ளை மாத்திரையைப் பற்றி. அக்காவின் அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் உறையிலிருந்து பிரித்து, துணியில் முடிந்து வரும் மாத்திரைக்குப் பெயரும் இல்லை, அளவும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் மாதவிடாய் வலிக்கு இப்படிப் பெயரில்லாத மாத்திரைகள் தொழிலாளர் பெண்களுக்குக் கொடுக்கப்பட்டது 2019-இல் வெளியில் வந்தது. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து, உதிரி மாத்திரை என்று யாராவது சொன்னாலே எனக்கு மனம் பதைக்கிறது. கடையில் அட்டையோடு வாங்குங்கள். நான்கு மாத்திரைதான் வேண்டும் என்றாலும் பெயரும் தேதியும் தெரியும் பக்கமாக வெட்டித் தரச் சொல்லுங்கள். கண்ணகி கோயில் சித்திரை முழுநிலவுக்கும் கல்யாண வீட்டுக்கும் போட்டுக்கொள்ளும் ‘தள்ளிப்போடும் மாத்திரை’ வேறு. அது வலி மாத்திரை அல்ல. மருத்துவர் சொல்லாமல் அதைத் தொடக்கூட வேண்டாம், சிலருக்கு ரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

இனி, நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்ட கழிப்பறை. எனக்கு அதிகக் கோபம் வருவது இதில்தான். ஒதுங்க இடம் இல்லாததால் பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. அதனால் நீர்க்கடுப்பு வருகிறது, தலைவலி வருகிறது. அதோடு, தண்ணீர் வற்றிய உடம்பில் நான் மேலே சொன்ன மாத்திரைகள் சிறுநீரகத்தைச் சிரமப்படுத்தும். மாத்திரை போடுகிற நாளில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தவே கூடாது. ஒரு மடக்கு ஒரு மடக்காக, மாலைக்குள் இரண்டு லிட்டர் தண்ணீராவது உள்ளே போகட்டும். சட்டத்துக்குள் வரும் அளவுக்குப் பெரிய தோட்டங்களில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை அமைத்துத் தருவது நிர்வாகத்தின் கடமை என்று 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டமே அப்போதே சொல்லிவிட்டது. நீங்கள் தனியாகப் போய்க் கங்காணியிடம் கேட்கத் தயங்குவீர்கள். ஜீப்பில் வரும் அத்தனை பெண்களும் சேர்ந்து கேளுங்கள். கட்டிடம் எழும்பும்வரை, ஒரு குழியும் நான்கு கம்பும் மறைக்கத் தார்ப்பாயும் ஒரு நாளில் போட்டுத் தர முடிந்தவைதான்.

மாத்திரைக்கு அடுத்தது சூடு. அடிவயிற்றில் விடாமல் வைத்த இதமான சூடு, முதல் நாள் வலிக்கு ஐபுபுரூஃபெனுக்கு நிகராக உதவியதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஜூன், ஜூலையில் ஈரத் தலைத்துண்டோடு குளிரில் நடுங்கிக்கொண்டு வேலை செய்கிற உங்களுக்கு இது இரட்டிப்பு நன்மை. மருந்துக் கடையில் ஒட்டிக்கொள்ளும் சூட்டுப் பட்டை கிடைக்கிறது. உள்பாவாடையின் மேல் ஒட்டினால் பல மணி நேரம் தாங்கும், கையும் வேலைக்கு விடுதலை. அது செலவு என்றால் நல்ல ஃபிளாஸ்க் ஒன்றில் கொதிநீர் எடுத்துப் போங்கள். கஞ்சி குடிக்கும் வேளையில் அதைச் சிறிய எவர்சில்வர் பாட்டிலில் ஊற்றி, துண்டில் இரண்டு சுற்றுச் சுற்றி வயிற்றில் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்பான பாட்டிலில் கொதிநீர் ஊற்றாதீர்கள், இளகிவிடும். தோலில் நேராக வைக்கவும் வேண்டாம்.

காய் எடுக்கும் வேலை குத்தவைத்துச் செய்கிற வேலை. ஏலச்செடியின் சரம் அடித்தூரில் தரையோடு கிடக்கிறது. மணிக்கணக்கில் குனிந்தபடி தூருக்குத் தூர் நகர வேண்டும். இடுப்பு ஏற்கெனவே கனத்திருக்கும் நாளில் அந்த இருப்பு வேதனையைக் கூட்டும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்துப் பின்பக்கம் வளைந்து, பத்தடி நடந்துவிட்டு உட்காருங்கள். முடிந்தால் அந்த ஒரு நாள் மட்டும் நின்று செய்கிற வேலையைக் கேட்டு வாங்குங்கள். பல தோட்டங்களில் பெண்கள் தங்களுக்குள்ளேயே நிரையை மாற்றிக்கொண்டு இதைச் செய்கிறார்கள், கேட்டால் யாரும் மறுப்பதில்லை.

சுக்கு கேட்கும் என்று பாட்டிமார் சொல்வதில் உண்மை இருக்கிறது. முதல் மூன்று நாட்கள் நாளொன்றுக்குச் சுமார் ஒன்று முதல் இரண்டு கிராம் சுக்குப்பொடி வலியைக் குறைத்ததாகச் சில ஆய்வுகள் உண்டு. ஃபிளாஸ்க் தண்ணீரிலேயே கலந்து குடிக்கலாம்.

நாப்கினை நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று நான் சுலபமாக எழுதிவிடுவேன். ஏலக்காட்டு மழையில் அது எவ்வளவு கடினம் என்று அறிவேன். பிறப்புறுப்புக்குள் வைத்து உதிரத்தைச் சேகரிக்கும் மாதவிடாய்க் கிண்ணத்தை யோசித்துப் பாருங்கள். காலையில் வீட்டில் வைத்தால் மாலையில் வீட்டில் எடுக்கலாம். எறணாகுளம் மாவட்டத்தின் கும்பளங்கி 2022-இல் நாப்கின் இல்லாத ஊராக அறிவிக்கப்பட்டதே இந்தக் கிண்ணத்தை நம்பித்தான். வைத்தெடுக்கப் பழக இரண்டு மூன்று மாதம் ஆகும். முதலில் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பழகுங்கள். வலியை இது குறைக்காது, மாற்ற இடமில்லாத கவலையைத்தான் குறைக்கும்.

அம்மா சொன்னதற்கு வருகிறேன். வயது ஏற ஏற, குறிப்பாக ஒரு பிரசவத்துக்குப் பிறகு, பலருக்கு இந்த வலி தணிவது உண்மை. அதற்காகக் கல்யாணத்தை மருந்தாக எண்ண முடியாது. வலிக்குப் பின்னால் வேறு நோய் இருந்தால் அது தாலிக்கும் குழந்தைக்கும் கட்டுப்படாமல் வளரும். கருப்பை உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், பிள்ளைபெறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இருக்கிறது. பல ஆண்டுகள் ‘பெண் என்றால் வலிக்கத்தான் செய்யும்’ என்ற சொல்லுக்குப் பின்னால் அது ஒளிந்துகொள்கிறது. நான் சொன்னபடி சரியான நேரத்தில் மாத்திரை போட்டும் மூன்று மாதத்தில் வலி மட்டுப்படவில்லை, மாதவிடாய் முடிந்த பிறகும் வலிக்கிறது, மலம் கழிக்கும்போது குத்துகிறது, மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போகிறது, ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் மகப்பேறு மருத்துவரைப் பார்த்து ஸ்கேன் எடுங்கள். நாள் தள்ளிப்போய் ஒரு பக்கமாகக் கடும் வலி வந்தாலோ, வலியோடு காய்ச்சலும் நாற்றமுள்ள வெள்ளைப்படுதலும் இருந்தாலோ அன்றே போக வேண்டும். உங்களுக்குக் கம்பம் அரசு மருத்துவமனை பக்கம். பெரிய சோதனைக்குக் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ரத்தசோகைக்கும் ஒரு பரிசோதனை கேளுங்கள்.

தோட்டத்தில் இருக்கும்போதே தாங்க முடியாமல் போனால் கூடலூர் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டாம். குமுளியிலோ கட்டப்பனையிலோ அரசு மருத்துவமனைக்குப் போகலாம். எல்லைப்புறத்தில் தமிழ் பெரும்பாலும் புரியும். புரியாத செவிலியர் இருந்தால் ‘வலி’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள், மலையாளத்தில் அது இழுப்பதைக் குறிக்கும். ‘மாசமுற, வயறு வேதன’ என்று சொல்லுங்கள். எத்தனை மணிக்கு எந்தக் ‘குளிக’ போட்டீர்கள் என்று கேட்பார்கள். பையில் இருக்கும் அந்த அட்டையை எடுத்துக் காட்டுங்கள்.