ஓவர்கிளாக் செய்ய எந்த போர்டு வாங்குவது?

கேள்வி: வீடியோ எடிட்டிங்குக்குப் புது கம்ப்யூட்டர் போடுகிறேன். கடையில் இன்டெல் ஐ5 13400 ப்ராசசர், பி760 மதர்போர்டு எழுதிக் கொடுத்தார்கள். பிறகு ஓவர்கிளாக் செய்யலாமா, அதாவது ப்ராசசரை கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டலாமா? – வாசகர், காரைக்குடி

பதில்: முடியாதுங்க, இரண்டுமே அதற்குத் தோதுப்படாது. இன்டெல்லில் பெயரின் கடைசியில் 'கே' இருக்கிற ப்ராசசரும் 'இசட்' வரிசை போர்டும் சேர்ந்தால்தான் வேகத்தை ஏற்ற முடியும், பி760-ல் ராம் வேகத்தை மட்டும் கூட்டலாம். ஆகவே 13600கே, இசட்790 என்று கேளுங்கள். பட்ஜெட் இடித்தால் ஏஎம்டி ரைசன் 5 7600, பி650 போர்டே போதும். ஏ620 மட்டும் வேண்டாம், அதில் ப்ராசசரை ஓவர்கிளாக் செய்ய விடாது.

போர்டில் விஆர்எம் மேல் கனமான ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) இருக்கிறதா என்று பாருங்கள், ப்ராசசருக்குக் கரண்ட் கொடுக்கிற பகுதிதான் விஆர்எம், அது சூடேறினால் வேகம் தானாக இறங்கிவிடும். அப்புறம் கூலர். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அது அறைச் சூட்டுக்குக் கீழே கொண்டு போகாது, அதனால் சித்திரை வெயிலில் கொதிக்கிற மாடி அறையை விட்டுவிட்டு, கீழே வளவை ஒட்டிய அறையில் வையுங்கள்.

இன்னொன்று, இன்றைய ப்ராசசர்கள் தாமாகவே உச்சத்துக்குப் பக்கத்தில் ஓடுகின்றன. எடிட்டிங்தான் நோக்கம் என்றால் ஓவர்கிளாக்குக்கு ஆகிற காசை 32 ஜிபி ராமில் போடுங்கள்.