ஒரே தவறு, இரண்டு தீர்ப்புகள்

கேள்வி: கைப்பேசியைப் பார்த்தபடி கார் ஓட்டிய இருவரில் ஒருவர் பத்திரமாக வீடு சேர்கிறார். மற்றவரின் காரில் அடிபட்டு ஒரு சிறுவன் இறந்துபோகிறான். தவறு ஒன்றே என்றாலும் ஒருவரை மட்டும் ஊர் கொலைகாரன் என்கிறது. விளைவைப் பொறுத்துத் தீர்ப்பு மாறுமானால், அறமும் ஆளுக்கு ஆள் மாறுவதுதானே?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: நீங்கள் காட்டும் முரண் சட்டத்திலேயே இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவின்படி, பிறர் உயிருக்கு ஆபத்து நேரும் விதத்தில் பொதுச்சாலையில் வண்டி ஓட்டியவருக்கு 6 மாதம் வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்; அதே ஓட்டத்தில் ஓர் உயிர் போய்விட்டால் 106ஆம் பிரிவின்படி சிறைத்தண்டனை 5 ஆண்டு வரை உயர்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் 3 விநாடியில் 50 மீட்டரைக் கடந்துவிடும். அந்த 50 மீட்டருக்குள் சிறுவன் வருவதும் வராததும் ஓட்டுநர் கையில் இல்லை.

பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற தத்துவ அறிஞர்கள் இருவரும் 1976இல் இதை 'அற அதிர்ஷ்டம்' என்ற பெயரில் விவாதித்தார்கள். நேகல் இன்னும் ஒரு படி மேலே போகிறார். நாஜிகள் ஆட்சிக்கு வராதிருந்தால் வதைமுகாம் அதிகாரி ஒருவர் யாருக்கும் தீங்கின்றி வாழ்ந்து முடித்திருக்கலாம். 1930இல் தொழில் நிமித்தம் ஜெர்மனியை விட்டு அர்ஜென்டினாவுக்குப் போன ஒருவர், போகாதிருந்தால் அந்த அதிகாரியாகவே ஆகியிருக்கலாம். இதைப் படித்த பிறகு யாரையும் சட்டென்று பழித்துவிட எனக்கு வாய் வருவதில்லை.

ஆனாலும் உங்கள் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டு தீர்ப்புகளும் வேறுபடுவது அநியாயமாகப் படுகிறது என்றால், ஒரே தவறுக்கு ஒரே அளவுகோல்தான் இருக்க வேண்டும் என்று நீங்கள் நம்புகிறீர்கள். அறம் ஆளுக்கொன்றாக இருந்தால் இந்த ஆதங்கத்துக்கே இடமில்லை. கவனக்குறைவுக்கான பழி இருவருக்கும் சமம் என்றே நான் கருதுகிறேன். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்குப் பட்ட கடன் மட்டும் ஒருவருக்கே உரியது. வில்லியம்ஸ் சொல்லும் லாரி ஓட்டுநர் எந்தத் தவறும் செய்யாமலே ஒரு குழந்தையின் சாவுக்குக் காரணமாகிறார். "உன் மேல தப்பில்லப்பா" என்று சுற்றி நிற்பவர்கள் தேற்றுவார்கள், தேற்றத்தான் வேண்டும். ஆனால் அவர் அந்த நிமிடமே தேறிவிட்டால் நமக்கே நெஞ்சு உறுத்தும்.

எனக்குக் கவலை தருபவர் பத்திரமாக வீடு சேர்ந்தவர்தான். சில ஆண்டுகளுக்கு முன், பொழுது மங்கிய நேரத்தில், மடியில் ஒளிர்ந்த கைப்பேசியிலிருந்து நிமிர்ந்து பிரேக்கை மிதித்தபோது, காருக்கு ஒரு முழத்துக்கு அப்பால் சைக்கிளைப் பிடித்தபடி ஒரு சிறுமி நின்றிருந்தாள். ஒன்றும் நடக்கவில்லையே என்று அதை நான் வீட்டில்கூடச் சொல்லவில்லை. என்னை யாரும் பழிக்கவும் இல்லை. உங்கள் கேள்வியில் வரும் முதல் ஓட்டுநரின் இடத்தில்தான் அன்று நான் இருந்தேன்.